ஏரிக்கரைக் குதிரை வேறு, பாலைவன ஒட்டகம் வேறு: மலையூர்க்காரர்களுக்கு ஒட்டகச் சவாரி வழிகாட்டி

ஊட்டி படகு இல்லத்துக்கு வெளியிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ நாலு ரவுண்டு குதிரை ஏறியவர்கள், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போனதும் அதே தைரியத்தில் ஒட்டகத்தின் மேலும் ஏறிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எதிலுமே ஏறிப் பழகாதவர் ஒட்டகக்காரர் சொன்னபடி நடந்துகொள்வார். அரைகுறையாகக் குதிரை பழகியவரோ முழங்காலை இறுக்குவார், குதிகாலால் விலாவில் தட்டுவார், கயிற்றைச் சுண்டி இழுப்பார். ஒட்டகத்தின் மேல் இவற்றில் எதையும் செய்யக் கூடாது.

குதிரை நடக்கும்போது நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒட்டகம் அப்படியில்லை. ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்தே எடுத்து வைக்கும். அடுத்த எட்டு மறுபக்கம். அதனால் மேலே இருப்பவரின் இடுப்பு பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஒரே சமயத்தில் ஆடும். அந்த ஆட்டத்தோடு இடுப்பைப் போகவிட்டால் வலி இல்லை. விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கு ஒட்டகத்தின் மேலும் தலை சுற்றும். வழக்கம்போல் அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது தூக்கத்தை வரவைக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணசந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சவாரிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிடுங்கள், கண்ணைத் தூரத்து அடிவானத்தில் வையுங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஊட்டியிலேயே ஒட்டகம் விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒட்டகத்தின் பாதம் இரண்டு விரலும் ஒரு பரந்த மெத்தையுமாக இருக்கும். மணலில் விரிந்து, புதையாமல் தாங்கும். மழையில் நனைந்த களிமண் சரிவில் அதே பாதம் வழுக்கும். பின்கால்கள் இரண்டும் அகலப் பிளந்து விழுந்தால் இடுப்பு மூட்டே போய்விடும். ஈரத்தில் சொறி நோய் வேறு பிடித்துக்கொள்ளும். அது வறண்ட ஊர்ப் பிராணி. நாம்தான் போக வேண்டும்.

எங்கே, எப்போது

முதல் சவாரிக்கு ராஜஸ்தானே போதும். நீலகிரியிலிருந்து இறங்கினால், கோயம்புத்தூரிலிருந்து ஹிசார் போகும் வாராந்திர ஏசி ரயில் ஜோத்பூர், பிகானேர் வழியாகச் செல்கிறது. கொடைக்கானல்காரர்களுக்கு மதுரையிலிருந்து பிகானேருக்கு வாராந்திர ரயில் உண்டு. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் சொச்சத்தில் சம் மணல்மேடு. தென்மேற்கே கூரி கிராமம். சம்மில் சீசன் நாட்களில் ஜீப் சத்தமும் ஸ்பீக்கர் பாட்டும் தாங்காது, ஒட்டகங்களும் வரிசையில் நின்று பத்து நிமிட ரவுண்டு அடிக்கும். ஏரிக்கரைக் குதிரைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நிதானமாக இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும் என்றால் கூரிப் பக்கம் கேளுங்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடும். ஆனால் இந்தக் குளிர்மாதங்கள்தான் ஆண் ஒட்டகம் மதம் பிடிக்கும் காலமும். அதை எப்படிக் கண்டுகொள்வது என்று பின்னால் சொல்கிறோம்.

லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் கிராமத்துக்குப் பக்கத்தில் இரட்டைத் திமில் ஒட்டகம் கிடைக்கும். சீசன் மே முதல் செப்டம்பர் வரை. இரண்டு திமிலுக்கு நடுவில் உட்காருவதால் சறுக்கி விழும் பயம் குறைவு. முன்திமிலைக் கையால் அணைத்துக்கொள்ளலாம், அதன் முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. ‘நாங்கள் ஊட்டிக்காரர்கள், எங்களுக்கு உயரம் பழக்கம்தான்’ என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர், லடாக்கில் நீங்கள் முதலில் இறங்கும் லே நகரம் சுமார் 3,500 மீட்டர். நுப்ராவுக்குப் போகும் வழியில் கர்துங் லா கணவாய் 5,000 மீட்டரையும் தாண்டும். லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே கிளம்புங்கள்.

வெளிநாட்டில் மொராக்கோவின் மெர்சூகா, ஜோர்டானின் வாடி ரம், ஓமானின் ஷர்கியா மணற்பரப்பு, மங்கோலியாவின் கோபி, ஆஸ்திரேலியாவின் புரூம் கடற்கரை என்று பட்டியல் நீளும். ஆஸ்திரேலியாவிலும் மொராக்கோவிலும் பல ஒட்டகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி அழைத்துப்போவார்கள். நீங்கள் ஓட்ட வேண்டிய வேலையே இல்லை. கிசா பிரமிடுப் பக்கம் ஏறும்போது, பேசும் கூலி ஏறி, சுற்றி, இறங்குவதற்கும் சேர்த்துத்தானா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கிவிடத் தனிக்காசு கேட்பது அங்கே பழைய வித்தை.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியது

ஒட்டகத்தின் முதுகு அகலம். ராஜஸ்தான் சேணமான பலானில் உட்கார்ந்தால் தொடைகள் குதிரையில் விரிவதைவிட அதிகம் விரியும். தேயிலைத் தோட்டச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்குக் கெண்டைக்கால் பலம் உண்டு. உட்தொடை நீட்சி வேறு விஷயம். மூன்று வாரம், தினமும் பத்து நிமிடம், தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் சேர்த்து முழங்காலை மெல்லக் கீழே இறக்கிப் பழகுங்கள். யோகாவில் இதைத்தான் பத்தகோணாசனம் என்பார்கள். ஒரு காலை உயர்த்தி மேசை மேல் பக்கவாட்டில் வைத்துப் பழகினால், ஏறும்போது காலைத் தூக்கிப் போட வசதி.

குதிரையில் ஒத்திகை பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்கட்டும். நீங்கள் அங்கவடியிலிருந்து (கால் வைக்கும் வளையம்) காலை எடுத்துத் தொங்கவிட்டு, இடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்து பாருங்கள். முழங்காலை இறுக்காமல் உட்காரும் பழக்கம் அதில் வந்துவிடும்.

குளிருக்கு வேண்டிய ஸ்வெட்டர், குல்லா, ஷால் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து வெறும் டீ-ஷர்ட்டோடு போகிறவர்கள் டிசம்பர் இரவில் பல் கிட்டிப்போவார்கள். மேகமில்லாத வானம், வறண்ட காற்று: ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழுவதும், அதே மாதம் தார் பாலைவன மணலில் விடியற்காலை 5 டிகிரிக்குப் பக்கம் இறங்குவதும் ஒரே காரணத்தால்தான். தரை வாங்கிய வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. பகலில் 25 டிகிரி இருக்கும் என்பதால், கழற்றிக் கழற்றி மாட்டும்படி மூன்று அடுக்கு உடுத்துங்கள்.

தண்ணீர்தான் மலைக்காரர்கள் கோட்டைவிடும் இடம். நம் ஊர்க் குளிரில் தாகம் எடுக்காது. நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தே பழகியிருப்போம். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால், வியர்ப்பதே தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்; தாகத்துக்குக் காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு. உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ உதட்டிலும் மூக்கின் உள்விளிம்பிலும் தடவினால் போதும். வழியில் கொறிக்க ஊட்டி வர்க்கி கெடாது, ஆனால் தொண்டையை வறளவைக்கும். கடலைமிட்டாயும் பேரீச்சையும் மேல்.

ஜீன்ஸ் வேண்டாம். உட்தொடையில் வரும் அதன் தடித்த தையல் ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். பருத்தி டிராக் பேண்ட், உள்ளே சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் இறுக்கமான ஷார்ட்ஸ். சேலையில் முடியாது. சுடிதார் சரி, துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி முடிச்சுப் போட்டுவிட வேண்டும். தொங்கும் துணி பின்னால் வரும் ஒட்டகத்தின் வாய்க்குப் போகும். கணுக்காலை மூடும் ஷூ, முகத்தைச் சுற்ற ஒரு பருத்தித் துண்டு, கயிறு கட்டிய கண்ணாடி.

பேரமும் பரிசோதனையும்

கூலி பேசும்போது இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஆளுக்கா ஒட்டகத்துக்கா, மணிக்கணக்கா தூரக்கணக்கா, ஜீப்பில் கொண்டுபோய் விடுவது சேர்ந்ததா, தண்ணீரும் சாப்பாடும் கம்பளியும் யார் பொறுப்பு, ஓர் ஒட்டகத்தில் ஒருவரா இருவரா. உடல் எடை அதிகம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற ஒட்டகத்தைக் கொண்டுவருவார்கள். ஒட்டகம் நடக்கும் வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான். ‘ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் காட்டுகிறோம்’ என்பவர் உங்களை ஓட்டத்தில் கொண்டுபோகப் பார்க்கிறார், முதுகெலும்பு குலுங்கிப்போகும்.

முதல்முறை என்றால் மாலையில் இரண்டு மணி நேரம். அது ஒத்துக்கொண்டால், மறுநாள் ஓரிரவுப் பயணம்: மாலை இரண்டு மணி நேரம், காலை இரண்டு மணி நேரம், நடுவில் மணலில் தூக்கம். மூன்று நாள் பயணத்தை முதலிலேயே முன்பணம் கட்டிப் பதிவு செய்வது வீண் வேலை. இரண்டாம் நாளே ஜீப்பில் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

ஒட்டகத்தைப் பார்க்காமல் ஏறாதீர்கள். உட்கார்ந்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தால் நல்ல குறி. எழுப்பும்போது உறுமி முனகுவது சாதாரணம், எல்லா ஒட்டகமும் செய்யும். ஆனால் வாயோரம் வெள்ளை நுரை தள்ளுவது, தொண்டையில் கொப்பளிக்கும் சத்தம், பல்லை நறநறவென்று கடிப்பது, வாயின் பக்கவாட்டிலிருந்து சிவந்த பலூன் போன்ற சவ்வு வெளியே தொங்குவது, காதுக்குப் பின்னால் பிடரியில் கருமையாக நாற்றத்துடன் கசிவு — இவற்றில் எது தெரிந்தாலும் அது மதம் பிடித்த ஆண். அந்தத் தொங்கும் சவ்வைப் பார்த்து நோய் என்று பரிதாபப்பட்டுப் பக்கத்தில் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள், கடித்துவிடும். வேறு ஒட்டகம் கேளுங்கள், பெண் ஒட்டகம் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து சேணத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். திமிலின் பக்கத்திலும் வயிற்று வார் படும் இடத்திலும் புண்ணோ, சீழோ, முடி உதிர்ந்த சிவப்புத் தடமோ இருந்தால் ஏறாதீர்கள். அதன் வேதனை ஒருபுறம்; வலிக்கும் இடத்தில் உங்கள் எடை அழுந்தும்போது அது திடீரென்று உட்காரும் என்பது மறுபுறம். ராஜஸ்தானில் மூக்கில் துளையிட்டு நகேல் என்ற மரமுளை செருகி, அதில் கயிறு கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் ரத்தமோ ஈயோ இருந்தால் ஒட்டகக்காரர் முரட்டு ஆள். அவரிடம் பேரம் பேசியும் பயனில்லை, அடுத்தவரிடம் போங்கள்.

ஏறுவது

விழுபவர்களில் பெரும்பாலோர் ஒட்டகம் எழும்போதோ உட்காரும்போதோதான் விழுகிறார்கள், நடக்கும்போது அல்ல. இந்தப் பகுதியை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

ஒட்டகம் மடித்து உட்கார்ந்திருக்கும். ஒட்டகக்காரர் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். அவர் நிற்காமல் ஏறாதீர்கள். பின்னாலிருந்து வராமல், அதன் கண்ணில் படும்படி இடப்பக்கமாகச் சேணத்தை நெருங்குங்கள். ஒட்டகத்தால் பக்கவாட்டிலும் உதைக்க முடியும். சேணத்தின் முன்பிடியை இடது கையால் பற்றி, வலது காலை அகலமாகத் தூக்கிப் போட்டு, நேராக நடுவில் உட்காருங்கள். கால் சேணத்தில் இடித்து நிற்கக் கூடாது. பாதி ஏறிய நிலையில் அது எழுந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. பையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கை முன்பிடியில், மறு கை உங்களுக்குப் பின்னால் சேணத்தின் பின்கட்டையில். எழுவது மூன்று தவணையாக நடக்கும். முதலில் முன்னங்கால் முட்டியில் லேசாக நிமிரும். நீங்கள் கொஞ்சம் பின்னால் சாய்வீர்கள். உடனே பின்னங்கால் இரண்டும் முழுசாக நீளும். அப்போது சேணம் முன்பக்கம் சரிந்து, கழுத்துக்கு மேல் தூக்கி எறிவது போல் தள்ளும். பலர் விழுவது இந்த நொடியில்தான். கடைசியில் முன்னங்கால் நிமிர்ந்து, உங்களை மறுபடி பின்னால் தள்ளும். ‘பின், முன், பின்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகக்காரர் குரல் கொடுத்ததுமே உடம்பை நன்றாகப் பின்னால் சாய்த்துவிட்டால் நடுத்தவணையைத் தாங்கிவிடலாம். முன்பிடியைப் பற்றிய கையை நீட்டி ஊன்றியிருங்கள். முழங்கை மடங்கியிருந்தால் முகம் முன்பிடியில் மோதும்.

இருவர் சேணம் என்றால் குழந்தை முன்னால், பெரியவர் பின்னால். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து செல்ஃபி எடுக்கக் கூடாது, சேணம் சுழலும்.

நடக்கும்போது

காலைத் தளரவிடுங்கள், இடுப்பை அது ஆட்டுகிறபடி ஆடவிடுங்கள், தோளை மட்டும் அமைதியாக வையுங்கள். பல சேணங்களில் அங்கவடி இருக்காது. கால் தொங்கித் தொங்கி மரத்துப்போகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காலை மடித்துச் சேணத்தின் முன்பக்கம் வைத்து மாற்றிக்கொள்ளலாம். வால் எலும்பு எரிந்தால் ஷாலை நான்காக மடித்து அடியில் கொடுங்கள்.

நகேல் கயிற்றை உங்கள் கையில் கொடுத்தால், தொய்வாகவே பிடியுங்கள். கடிவாளத்தை இழுப்பது போல் இழுத்தால் மூக்கு கிழியும். அதோடு அது கழுத்தைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்துவிடும். குதிகாலால் தட்டினால் ஓடத் தொடங்கும். நிறுத்த வேண்டுமென்றால் வாயைத் திறந்து ஒட்டகக்காரரிடம் சொல்லுங்கள். ராஜஸ்தானில் ‘தீரே’ (மெதுவாக), ‘ருகோ’ (நில்), ‘உதர்னா ஹை’ (இறங்க வேண்டும்) என்ற மூன்றும் போதும். அரபு நாடுகளில் ‘ஷ்வை ஷ்வை’ மெதுவாக, ‘கலாஸ்’ போதும். ஆஸ்திரேலிய ஒட்டகம் ‘ஹூஷ்’ என்றால் உட்காரும். சும்மா சொல்லிப் பார்க்காதீர்கள்.

கிளம்பிய இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, வயிற்று வாரை இறுக்கச் சொல்லுங்கள். சேணத்துக்கு அடியில் ரஜாய் எனும் பஞ்சுப் போர்வைகளை மடித்துப் போட்டிருப்பார்கள் (இரவில் நீங்கள் போர்த்துவதும் அதே ரஜாய்தான், ஒட்டக வாசனையோடு). உங்கள் எடையில் அவை அமுங்கியதும் வார் தளர்ந்துவிடும். சேணம் ஒரு பக்கம் சாய்வது தெரிந்தால் எதிர்ப்பக்கம் நீங்களாகச் சாய்ந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். நிறுத்தி, உட்காரவைத்து, இறங்கி, மறுபடி கட்டச் சொல்லுங்கள். தொங்கவிடும் பைகள் இரு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஐந்து லிட்டர் தண்ணீர் என்றால் அந்தப் பக்கமும் ஐந்து லிட்டர்.

மணல்மேட்டில் ஏறும்போது முன்னால் சாயுங்கள், இறங்கும்போது பின்கட்டையைப் பிடித்துப் பின்னால். சரிவு செங்குத்தாகத் தெரிந்தால் இறங்கி நடந்துவிடுவது உத்தமம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒட்டகக்காரர்களே அப்படித்தான் செய்வார்கள். பேண்ட் பாக்கெட்டில் போன் வைத்தால் கட்டாயம் விழும், மணலில் விழுந்த சத்தமும் கேட்காது. ஜிப் வைத்த பாக்கெட்டிலோ கழுத்துக் கயிற்றிலோ இருக்கட்டும்.

இறங்குவது

உட்காரும்போது ஒட்டகம் முன்னங்காலைத்தான் முதலில் மடக்கும். எழும்போது தள்ளியதைவிட வேகமாக முன்னால் தள்ளும், ஏனென்றால் உடல் எடையோடு கீழே விழுவது போல் மடங்கும். மறுபடியும் பின்கட்டையைப் பிடித்து நன்றாகப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். பின்கால்களும் மடங்கி, வயிறு தரையில் படிந்து அதன் அசைவெல்லாம் அடங்கிய பிறகே இறங்க வேண்டும். இறங்கியதும் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காது. சேணத்தைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள்.

இரவு மணலில் தங்கினால் காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். தாரில் தேளும் சுருட்டை விரியனும் உண்டு. இருட்டில் ஒதுங்கப் போகும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

யார் ஏறக் கூடாது

கர்ப்பிணிகள், டிஸ்க் தொல்லை உள்ளவர்கள், இடுப்பு மூட்டு அறுவை செய்தவர்கள், மூலம் முற்றியவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. வளைகுடா நாடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2012-ல் சவூதி அரேபியாவில் முதலில் கண்டறியப்பட்ட, கடும் சுவாச நோயைத் தரும் மெர்ஸ் வைரஸ் ஒற்றைத் திமில் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அங்கே ஒட்டகத்தை நெருங்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. துபாயில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். மற்றவர்களும் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சாத ஒட்டகப்பால் யார் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

மறுநாள் உட்தொடையும் இடுப்பும் வலிக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன நீலகிரித் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தசை வலிக்குத் தேய்க்கலாம். தோல் உரிந்த இடத்தில் பட்டால் உயிர் போகும். அங்கே வாசலின் மட்டும். திரும்பும் ரயிலைச் சவாரி முடிந்த அன்றே பிடிக்காமல், ஒரு நாள் தள்ளி, முடிந்தால் கீழ் பெர்த்தாகப் பதிவு செய்யுங்கள்.